சத்வாவில் எத்தனை தமிழர்கள்? வளைகுடாக் கணக்குகளும் ஆய்வு முறையியலும்

துபாயின் ஷேக் ஸாயித் நெடுஞ்சாலைக்கும் ஜுமைராக் கடற்கரைப் பகுதிக்கும் நடுவே அமைந்துள்ள பழைய குடியிருப்புப் பகுதி சத்வா. தையல் கடைகள், துணிக்கடைகள், வாகன இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறைகள், மலிவான உணவகங்கள் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற இடம் அது. உள்நாட்டுக் குடும்பங்களுக்கென ஒரு காலத்தில் கட்டப்பட்ட தாழ்வான வீடுகளில், தென்னாசிய நாட்டவரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் அறை அறையாகவும், பின்னர் 'பெட் ஸ்பேஸ்' என்ற பெயரில் கட்டில் கட்டிலாகவும் இடம்பிடித்து வாழ்ந்துவந்தார்கள்.

2008ஆம் ஆண்டு அக்டோபரில், இப்பகுதியின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு 'ஜுமைரா கார்டன் சிட்டி' என்ற புதிய நகரை எழுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் மதிப்பு 35 ஆயிரம் கோடி திர்ஹம் என்று கூறப்பட்டது. சில வாரங்களிலேயே உலகப் பொருளாதார நெருக்கடி துபாயைத் தாக்க, திட்டம் முடங்கிப்போனது. ஆனால் அதற்குள் பல வீடுகளில் இடிப்புக்கான எண்கள் எழுதப்பட்டுவிட்டன. குடியிருந்தவர்கள் பலர் வெளியேறிவிட்டார்கள்.

வெளியேறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் தமிழர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே போனார்கள் என்ற மூன்று கேள்விகளும் கேட்பதற்கு எளியவை. விடை காண முற்படும்போதுதான், ஆய்வு முறையியல் என்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் பாடத்தின் ஒவ்வொரு அடிப்படைச் சொல்லும் தேவைப்படுகிறது. முதுகலை மாணவர்கள் தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்ற சொற்கள் அவை. வளைகுடாவில் வாழும் தமிழர்களைப் பற்றி ஆண்டுதோறும் வெளியாகும் எண்களில் எதை நம்பலாம், எதை நம்ப இயலாது என்பதைப் பகுத்தறிய அந்தச் சொற்களே கைகொடுக்கின்றன.

வரையறை என்னும் முதல் சிக்கல்

ஆய்வு வினா ஒன்றை அளக்கத்தக்க வடிவில் மாற்றி எழுதுவதைச் செயல்முறை வரையறை என்கிறார்கள். 'சத்வாவில் வாழும் தமிழர்' என்ற சொற்றொடரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழர் என்பவர் யார்? கடவுச்சீட்டைக் கொண்டு தீர்மானித்தால் அவர் இந்தியராகவோ இலங்கையராகவோ மலேசியராகவோதான் பதிவாகிறார். மொழி அதில் இடம்பெறுவதில்லை. பிறந்த மாநிலத்தைக் கொண்டு தீர்மானித்தால் பாலக்காட்டிலும் மும்பையிலும் பிறந்த தமிழர் விடுபட்டுப்போவார்கள். சென்னையில் பிறந்த தெலுங்குக் குடும்பத்தவர் உள்ளே வந்துவிடுவார்கள். தாய்மொழியைக் கேட்டால், தமிழை வீட்டுமொழியாகக் கொண்டிருந்தும் தம்மைத் தமிழர் என்று அடையாளப்படுத்திக்கொள்ளாத இலங்கை முஸ்லிம்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும்.

'வாழும்' என்ற சொல்லும் அவ்வளவு எளிதானதன்று. ஷார்ஜாவில் உறங்கி, பகல் முழுவதும் சத்வாவின் தையல் கடையில் இருப்பவர் எந்த ஊர்க்காரர்? துபாய் அரசின் புள்ளிவிவரத் துறையே இந்தச் சிக்கலை உணர்ந்து, நகரில் நிரந்தரமாகக் குடியிருப்போர் எண்ணிக்கையையும், வெளியிலிருந்து வந்துபோவோரையும் சேர்த்துப் பகல் நேரத்தில் நகரில் இயங்குவோர் எண்ணிக்கையையும் தனித்தனியே தந்துவந்திருக்கிறது. இவற்றுள் ஒன்று சரி, மற்றது தவறு என்பதில்லை. குடிநீர்க் குழாய் பதிப்பவருக்கு ஓர் எண் தேவை. பேருந்து விடுபவருக்கு மற்றோர் எண் தேவை.

பட்டியல் இல்லாத ஊர்

ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்கள் அனைவரும் அடங்கிய கூட்டம் முழுமைத்தொகுதி எனப்படுகிறது. அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் சிறு பகுதி மாதிரி. அந்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பதற்குக் கையில் இருக்கவேண்டிய பெயர்ப் பட்டியலோ முகவரிப் பட்டியலோ மாதிரிச் சட்டகம். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவு செய்யப்படுவதற்கான வாய்ப்பு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்திருக்க, குலுக்கலில் எடுப்பது போல் எடுத்தால் அது எழுமாற்று மாதிரி.

இந்த இடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடவேண்டும். எழுமாற்று என்பது இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதையே சமவாய்ப்பு என்கின்றன. இலங்கையில் இணைபு எனப்படுவது தமிழ்நாட்டில் ஒட்டுறவு. ஒரே மொழியில் இரு கலைச்சொல் மரபுகள் வளர்ந்திருப்பதால், யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட ஆய்வேட்டைத் திருச்சியில் உள்ள மாணவர் அகராதியுடன் படிக்க நேர்கிறது.

ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் 2005ஆம் ஆண்டு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 41 லட்சம் பேர் இருப்பதாகவும், அவர்களில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் என்றும் கூறியது. அதாவது ஐந்தில் ஒருவர். மற்ற நான்கு பேரும் எந்தெந்த நாட்டவர் என்ற முழுமையான பிரிப்பு வழக்கமாக வெளியிடப்படுவதில்லை. இந்தியர் எண்ணிக்கை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தூதரக மதிப்பீடு; அண்மை ஆண்டுகளில் அது 35 லட்சத்தைத் தாண்டியது. அதிலும் மொழிவாரிக் கணக்கு கிடையாது. ஆகவே 'அமீரகத்தில் இத்தனை லட்சம் தமிழர்' என்று சங்க மலர்களிலும் அரசியல் மேடைகளிலும் கூறப்படும் எண்கள் எந்தப் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. அவை ஊகங்கள், சில வேளைகளில் நல்ல ஊகங்கள்.

சத்வாவில் சிக்கல் இன்னும் ஆழமானது. வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் இஜாரி முறை துபாயில் நடைமுறைக்கு வந்தது 2010இல். ஒப்பந்தத்தில் இருப்பது வாடகைக்கு எடுத்தவரின் பெயர். அவர் அறைகளைப் பிரித்து உள்வாடகைக்கு விட்டிருந்தால், கட்டிலில் படுத்திருப்பவரின் பெயர் அதில் இருக்காது. ஒரு வீட்டில் வசிக்கும் அனைவரையும் பதிவுசெய்யுமாறு துபாய் நிலத்துறை கேட்டுக்கொண்டது 2022ஆம் ஆண்டு செப்டம்பரில்தான். ஆகவே 2008இல் வீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு மாதிரி எடுத்திருந்தால், எண்ணப்படவேண்டியவர்களில் பெரும்பாலோர் முதலிலேயே விடுபட்டிருப்பார்கள். இதற்கு உள்ளடக்கப் பிழை என்று பெயர். மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தப் பிழை குறையாது. பிழையான விடை மேலும் உறுதியாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அதே 2008ஆம் ஆண்டில்தான் துபாய் மாநகராட்சி 'ஒரு வில்லா, ஒரு குடும்பம்' என்ற நடவடிக்கையைத் தீவிரப்படுத்தியிருந்தது. பல பேர் பங்கிட்டுக்கொண்ட வீட்டின் கதவை, கையில் படிவத்துடன் ஒருவர் தட்டினால் உள்ளிருப்பவர் அவரை ஆய்வாளர் என்று நம்புவதற்கு முகாந்திரம் இல்லை. கதவைத் திறக்காதவர்கள், திறந்தவர்களிடமிருந்து முறையாக வேறுபட்டிருப்பார்களாயின் அங்கே தோன்றுவது பதிலளிக்காமைச் சார்பு. சத்வாவில் கதவைத் திறக்க அஞ்சியவர்களே ஆய்வு கண்டறிய விரும்பிய மனிதர்கள்.

ஊரிலிருந்து எண்ணுதல்

சென்ற இடத்தில் எண்ண இயலாவிட்டால், புறப்பட்ட இடத்தில் எண்ணலாம். திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த கே.சி. ஸக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998இல் தொடங்கிய கேரள இடப்பெயர்வு ஆய்வு இந்த எண்ணத்தின் அடிப்படையில் அமைந்தது. கேரளத்தில் எழுமாற்று முறையில் தெரிவுசெய்யப்பட்ட 10 ஆயிரம் வீடுகளில், 'இந்த வீட்டைச் சேர்ந்த யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா?' என்று கேட்கப்பட்டது. அன்று கிடைத்த மதிப்பீடு சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம் பேர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே கேள்விகள் மீண்டும் கேட்கப்பட்டதால், ஒரே அளவுகோலில் கால மாற்றத்தைக் காண முடிந்தது. கேரளம் வளைகுடாவைப் பற்றி ஆதாரத்துடன் பேசுவதற்கு இந்தத் தொடர்ச்சி முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டில் அத்தகைய ஆய்வு 2015இல்தான் நடந்தது. சுமார் 20 ஆயிரம் வீடுகளைக் கொண்ட மாதிரியிலிருந்து, மாநிலத்தைச் சேர்ந்த சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக அது மதிப்பிட்டது. சிங்கப்பூருக்கு அடுத்தபடியாக ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் சுமார் 4 லட்சம் பேர் இருந்தார்கள்.

இந்த 4 லட்சம் என்ற எண்ணைப் படிக்கும் விதத்தில்தான் முறையியல் அறிவு உதவுகிறது. அது அமீரகத் தமிழர் எண்ணிக்கை அன்று. குடும்பத்தோடு புறப்பட்டுச் சென்று, ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டவர்கள் அதில் இடம்பெற வாய்ப்பில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஆளில்லை. இலங்கைத் தமிழர் இல்லை. பிற மாநிலத் தமிழர் இல்லை. மறுபுறத்தில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற உருது, தெலுங்கு, மலையாளம் பேசுவோர் அதில் இருக்கிறார்கள். 'தமிழ்நாட்டில் ஒரு வீடும், அந்த வீட்டில் இன்னும் ஒருவரும் உள்ள, அமீரகத்தில் இருக்கும் மனிதர்' என்பதே அந்த ஆய்வின் செயல்முறை வரையறை. வரையறைக்குள் அது நேர்மையான எண். வரையறையை நீக்கிவிட்டு மேற்கோள் காட்டும்போது பொய்யாகிவிடுகிறது.

மாதிரியின் அளவு குறித்தும் ஒரு சொல். எழுமாற்று முறையில் ஆயிரம் பேரைக் கேட்டாலே, ஒரு விகிதாசாரத்தை ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி கூடவோ குறையவோ மதிப்பிட்டுவிடலாம். நூற்றில் 95 முறை இந்த எல்லைக்குள் விடை அமையும். ஆனால் மாநிலம் முழுமைக்கும் எடுத்த 20 ஆயிரம் வீடுகளை வைத்துக்கொண்டு, துபாயின் ஒரு பேட்டையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

நான்கு எண்கள், ஒரு கேள்வி

வரையறை என்பது வகுப்பறைச் சிக்கல் மட்டுமன்று என்பதற்கு வளைகுடாவில் இறந்த தொழிலாளர் பற்றிய கணக்கைவிடத் தெளிவான சான்று இல்லை. சத்வாவின் கட்டில்களில் படுத்திருந்தவர்களைப் போன்ற மனிதர்களைப் பற்றிய கணக்கு அது. அங்கிருந்து சில நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கத்தாரில் அது உலகச் செய்தியானது.

2022ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காக எத்தனை தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள் என்ற கேள்விக்கு நான்கு விடைகள் வந்தன. விளையாட்டரங்கப் பணிகளில் நேரடியாக வேலை காரணமாக இறந்தவர்கள் 3 பேர் என்றது போட்டி ஏற்பாட்டுக் குழு. அந்தப் பணிகளில் இருந்தவர்களில் எக்காரணத்தாலும் இறந்தவர்கள் என்று கேட்டால் அதே குழுவின் எண் 37. போட்டி தொடர்பான பணிகளில் 400க்கும் 500க்கும் இடைப்பட்டோர் என்று அக்குழுவின் தலைமைச் செயலர் ஹசன் அல் தவாதி 2022 நவம்பரில் கூறினார்; அது நாடு முழுவதும் எல்லாத் துறைகளிலும் நிகழ்ந்த பணியிட மரணங்களைக் குறித்தது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழோ 2021 பிப்ரவரியில், ஐந்து தென்னாசிய நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்டோர் பத்தாண்டுகளில் கத்தாரில் இறந்ததாகக் கணக்கிட்டிருந்தது. அவர்களில் இந்தியர் 2,711 பேர். இலங்கையர் 557 பேர்.

இவை ஒன்றையொன்று பொய்யாக்கும் எண்கள் அல்ல. நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். சிறிய எண்ணை முன்வைத்தவர்கள் வரையறையைச் சுருக்கினார்கள். பெரிய எண்ணைப் பரப்பியவர்கள் பலர், அதில் எல்லாத் தொழிலினரும் எல்லா வகை மரணங்களும் அடங்கியிருப்பதைச் சொல்லாமல் விட்டார்கள்.

அந்த மரணங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில்தான் உள்ளன என்று கத்தார் அரசு பதிலளித்தது. இங்கே இன்னொரு கருத்து தேவைப்படுகிறது: எண்ணிக்கை வேறு, வீதம் வேறு. காமன்வெல்த் மனித உரிமைகள் முன்முயற்சி என்ற அமைப்பு, 2012 முதல் 2018 நடுப்பகுதி வரை ஆறு வளைகுடா நாடுகளில் குறைந்தது 24,570 இந்தியத் தொழிலாளர்கள் இறந்ததாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையுடன் தொகுத்தது. நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கும் அதிகம். இதை அங்கிருந்த சுமார் 85 லட்சம் இந்தியர்களால் வகுத்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு அரை மரணம்கூட வராது. இந்தியாவின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு ஆறு என்ற அளவில் இருந்த காலம் அது. அப்படியானால் வளைகுடா இந்தியாவைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது என்று முடிவு செய்யலாமா?

கூடாது. வளைகுடாவுக்குச் செல்பவர்கள் இளைஞர்கள். அங்கே முதியவர்கள் மிகக் குறைவு. மேலும் மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்களுக்கே விசா கிடைக்கிறது. உடல் நலிந்தவர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அங்கே இறந்து, இந்தியாவின் கணக்கில் சேர்கிறார்கள். தொற்றுநோயியலில் இதை ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்கிறார்கள். ஒரே வயதினரை ஒரே வயதினருடன் ஒப்பிடாத எந்த வீதமும் இங்கே பொருளற்றது.

ஒட்டுறவும் காரணமும்

இறந்தவர்களின் சான்றிதழ்களில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பது அடுத்த கேள்வி. கார்டியன் திரட்டிய தரவில், இந்தியர் மரணங்களில் சுமார் 80 சதவீதம் 'இயற்கை மரணம்' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. ஓர் அளவீடு அளக்க வேண்டியதையே அளக்கிறதா என்பது ஏற்புடைமை. மீண்டும் மீண்டும் அளந்தாலும் ஒரே விடை தருகிறதா என்பது நம்பகத்தன்மை. முப்பது வயது மனிதர் இரவில் உறங்கி விடியலில் எழாதபோது, உடற்கூறு ஆய்வு ஏதுமின்றி 'இதயம் நின்றதால் மரணம்' என்று ஒவ்வொரு முறையும் எழுதும் முறை மிக உயர்ந்த நம்பகத்தன்மை உடையது. அதன் ஏற்புடைமை ஏறக்குறைய பூஜ்யம். இறந்த எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்கிறது.

2019இல் 'கார்டியாலஜி' என்ற மருத்துவ ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று இந்தச் சிக்கலை வேறு திசையிலிருந்து அணுகியது. 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த 1,300க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளர்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, மாதந்தோறும் நிலவிய பிற்பகல் வெப்பத்துடன் ஒப்பிட்டது. இதய நோய் என்று பதிவான மரணங்களின் பங்கு குளிர் மாதங்களில் 22 சதவீதமாகவும், வெப்ப மாதங்களில் 58 சதவீதமாகவும் இருந்தது. வெப்பம் இங்கே சாரா மாறி; மரணம் சார்ந்த மாறி; வெப்ப உளைச்சல் இதயத்தைத் தாக்குகிறது என்பது கருதுகோள்.

இரண்டும் சேர்ந்து உயர்வதும் தாழ்வதும் ஒட்டுறவு. அதுவே காரணம் ஆகிவிடாது. கோடையில் தொழிலாளர் எண்ணிக்கை மாறியிருக்கலாம். வேலை நேரம் மாறியிருக்கலாம். இத்தகைய மூன்றாம் மாறியைக் குழப்பும் மாறி என்கிறார்கள். ஆயினும் உடலியல் தரும் விளக்கமும், வெப்பம் ஏற ஏற மரணமும் ஏறும் ஒழுங்கும் ஒன்றுசேரும்போது சான்று வலுப்பெறுகிறது. கத்தார் 2021இல் கோடைக்கால வெளிவேலைத் தடையை நீட்டித்து, வெப்பக் குறியீடு 32.1 பாகையைக் கடந்தால் வேலையை நிறுத்தவேண்டும் என்று விதித்தபோது அத்தகைய சான்றுகள் உலகின் முன் இருந்தன.

எண்ணாமல் அறிவது

எண்ணிக்கை சொல்லாதவை பல. ஒருவர் ஏன் கடனை அடைத்த பின்னரும் ஊர் திரும்பவில்லை, கட்டில் ஒன்றே வீடாகும்போது அந்தரங்கம் என்பது என்னவாகிறது என்ற கேள்விகளைப் பண்புசார் ஆய்வு எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் மக்களோடு இருந்து கவனிக்கும் இனவரைவியல் இதன் முதன்மையான முறை. பஹ்ரைனில் வாழும் இந்தியர் பற்றி ஆண்ட்ரூ கார்ட்னர் 2010இலும், துபாயின் நடுத்தர வகுப்பு இந்தியர் பற்றி நேஹா வோரா 2013இலும் வெளியிட்ட நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. துபாயில் குறைந்த வருமானமுள்ள குடியேறிகள் கூடும், நகரத்தின் விளம்பரங்களில் இடம்பெறாத இடங்களை நேரில் கவனித்து வரைபடமாக்கினார் யாஸர் எல்ஷெஷ்தாவி.

இத்தகைய ஆய்வில், ஒருவர் அறிமுகப்படுத்தும் அடுத்தவரை, அவர் அறிமுகப்படுத்தும் மற்றவரை என்று சங்கிலியாகச் செல்வது வழக்கம். இதற்குப் பனிப்பந்து மாதிரி என்று பெயர். பனியைக் கண்டிராத சத்வாவுக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் இருக்க முடியாது. இதன் பலவீனம் வெளிப்படையானது. இராமநாதபுரத்துக்காரர் ஒருவரிடம் தொடங்கினால், பத்தாவது ஆளும் பெரும்பாலும் இராமநாதபுரத்துக்காரராகவே இருப்பார். ஆகவே இதிலிருந்து சதவீதம் கணக்கிடுவது தவறு. ஐம்பது பேரிடம் பேசிவிட்டு, '62 சதவீதத்தினர் கூறுகிறார்கள்' என்று எழுதும் ஆய்வேடுகள் தமிழில் குறைவில்லை. ஐம்பது பேரின் வாழ்க்கையை ஆழமாக அறிந்த ஒருவர், அந்த அறிவைத் தாமே தூக்கியெறிந்துவிட்டு வெற்று எண்ணைப் பிடித்துக்கொள்வது வருந்தத்தக்கது.

ஒப்புதலும் ஆபத்தும்

ஆய்வில் பங்கேற்பவர் அதன் நோக்கத்தையும் விளைவுகளையும் புரிந்துகொண்டு, மறுக்கும் உரிமையுடன் இசைவது அறிந்து அளிக்கும் ஒப்புதல். ஸ்பான்ஸரின் கையில் விசா இருக்கும் நாட்டில், முகாம் மேற்பார்வையாளர் அனுமதி கொடுத்து, அவரே அருகில் நிற்க, தொழிலாளி தலையசைத்தால் அது ஒப்புதலாகுமா என்பது முறையியல் நூல்கள் தயங்கும் இடம். மேற்பார்வையாளர் வாயிற்காப்பாளர் மட்டுமே. அவரது அனுமதி இடத்துக்குள் நுழைவதற்கானது, மனிதரின் சொல்லுக்கானது அன்று.

ஆபத்து ஆய்வாளருக்கும் உண்டு. குடியேறித் தொழிலாளர் நிலை பற்றி எழுதிவந்த நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ ராஸ், 2015 மார்ச்சில் அபுதாபி செல்லும் விமானத்தில் ஏற அனுமதிக்கப்படவில்லை. பிரிட்டனின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மேத்யூ ஹெட்ஜஸ், 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் கைதாகி, உளவுக் குற்றச்சாட்டில் அந்த நவம்பரில் ஆயுள் தண்டனை பெற்று, சில நாட்களில் மன்னிப்பளிக்கப்பட்டு நாடு திரும்பினார். தாம் ஆய்வே செய்ததாக அவர் கூறிவந்தார். வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்காகக் குரல்கொடுக்கப் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் இருந்தன. அவர்களிடம் பேசிய தொழிலாளியின் பெயர் குறிப்பேட்டில் இருந்தால் அவருக்காகப் பேச யாரும் இல்லை. அதனால்தான் களக்குறிப்புகளில் பெயருக்குப் பதில் குறியெண் இடுவதும், பெயர்ப் பட்டியலைக் குறிப்புகளிலிருந்து பிரித்து வைப்பதும், சில வேளைகளில் பட்டியலே வைக்காமலிருப்பதும் நெறியாகக் கொள்ளப்படுகின்றன.

2008இல் சத்வாவில் குடியிருந்தவர்களைத் தேடிச் செல்ல விரும்பும் ஆய்வாளருக்கு இன்றும் சில வழிகள் எஞ்சியிருக்கின்றன. இராமநாதபுரத்திலும் கும்பகோணத்திலும் மட்டக்களப்பிலும் ஊர் திரும்பியவர்களைக் கண்டுபிடித்து வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்யலாம். அக்காலச் செயற்கைக்கோள் படங்களில் எந்த வீடு எந்த மாதத்தில் மறைந்தது என்று சரிபார்க்கலாம். அன்றைய நாளிதழ்ச் செய்திகளுடன் ஒப்பிடலாம். ஒரே நிகழ்வை இவ்வாறு மூன்று திசைகளிலிருந்து அணுகுவதை முக்கோண ஒப்பீடு என்கிறார்கள். எத்தனை பேர் என்ற கேள்விக்கு இதில் விடை கிடைக்காது. எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு, கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அளவில் கிடைக்கும்.